ஸ்டீவி ரே வான் போன பிறகு அவருடைய பக்கவாத்தியக்காரர்கள் என்ன ஆனார்கள்?

கேள்வி இது: அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானோடு பத்து வருடம் வாசித்த டிரம்ஸ்காரரும் பேஸ் கிட்டார்காரரும் அவர் இறந்ததும் ஆர்க் ஏஞ்சல்ஸ் என்று ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தார்களாமே, ஒரே ஆல்பத்தோடு அது ஏன் நின்றுபோனது? கூட இருந்தவர்கள் திறமை போதாதவர்களா?

திறமைக் குறைவு எல்லாம் இல்லை. 1992ல் ஒரு ஸ்டூடியோ ஆல்பம் போட்டார்கள், 1993ல் கலைந்தார்கள். முக்கியக் காரணம் ஹெராயின். அவசரமாகப் பதில் வேண்டியவர்கள் இத்தோடு போகலாம். ஆனால் இந்தக் கதையில் அதைவிட சுவாரசியமான விஷயம், அந்த இரண்டு பேரும் என்ன மாதிரியான வாசிப்புக்காரர்கள் என்பது. அதைச் சொல்லாமல் பேண்ட் ஏன் உருவானது, ஏன் கலைந்தது என்று சொன்னால் பாதிதான் புரியும்.

ஆங்கிலத்தில் இவர்களை சைட்மென் என்பார்கள். நமக்கு அதைவிட நல்ல சொல் இருக்கிறது, பக்கவாத்தியம். பாடுகிறவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார், எங்கே வந்து இறங்குவார் என்பதை அவருக்கு அரை நொடி முன்பே தெரிந்துவைத்திருக்கும் வேலை. மேடையில் விளக்கு உங்கள் மேல் விழாது. நீங்கள் தப்பாக வாசித்தால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் பேஸ்காரர் டாமி ஷானன். 1946ல் பிறந்தவர், ஸ்டீவியைவிட எட்டு வயது மூத்தவர். 1969 வுட்ஸ்டாக் ராக் இசை விழாவில் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஜானி வின்டருக்குப் பேஸ் வாசித்தது இவர்தான். அப்போது வயது 23. அந்தக் காலகட்டத்தில்தான் டல்லாஸில் ஒரு கிளப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கிட்டார் வாசிப்பதைப் பார்த்திருக்கிறார், அது ஸ்டீவி. அப்புறம் ஜானி வின்டர் வேறு ஆட்களோடு போய்விட்டார். ஷானன் எழுபதுகளின் பெரும்பகுதியைப் போதைக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஹூஸ்டனில் செங்கல் அடுக்கும் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வுட்ஸ்டாக் மேடையில் நின்ற மனிதர்! 1980ல் அதே ஊரில் ஒரு கிளப்புக்கு ஸ்டீவியின் பேண்ட் வந்தது. கேட்டதுமே தன் இடம் அதுதான் என்று புரிந்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஜனவரியில், இருந்த பேஸ்காரரை அனுப்பிவிட்டு ஷானனைச் சேர்த்துக்கொண்டார் ஸ்டீவி.

டிரம்ஸ் கிறிஸ் லேட்டன், 1978லிருந்தே கூட இருந்தவர். பேண்டின் பெயர் டபுள் டிரபிள். சிகாகோ ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஓடிஸ் ரஷ்ஷின் 1958 பாட்டிலிருந்து எடுத்த பெயர்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையைக் கேட்க வேண்டுமானால் 'பிரைட் அண்ட் ஜாய்' போடுங்கள். அது டெக்சாஸ் ஷஃபிள். ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து நடுவில் இருப்பதை விட்டுவிட வேண்டும். 'தகிட' என்பதில் 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிட்டு 'த-ட, த-ட' என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் ஷஃபிள். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. காகிதத்தில் எளிது, வாசிக்கும்போதுதான் கஷ்டம் தெரியும். விட்ட இடம் கொஞ்சம் குறுகினால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் நீண்டால் தூங்கிவழியும். லேட்டன் அதை இரும்பு மாதிரி பிடித்துக்கொள்வார், ஷானன் அதன் மேல் நாலு சுரங்களை நடக்கவிடுவார். நான் பேஸ் பழகிய நாட்களில் அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்திருக்கிறேன். சுரங்கள் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டன. அந்த நடை மட்டும் பல மாதமாகியும் வரவில்லை.

இவ்வளவு திடமாகக் கீழே இருவர் நின்றதால்தான் ஸ்டீவியால் தாளத்தையும் தனிவாசிப்பையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு ஆட முடிந்தது. மூன்றே பேர் கொண்ட பேண்டில் கிட்டார்காரர் தனிவாசிப்புக்குப் போனால் பின்னால் பள்ளம் விழும். இவர்களிடம் விழாது.

ஸ்டீவிக்கும் இது தெரிந்திருந்தது. 1982 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் இவர்களைக் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டு அவமதித்தது. ஆனால் அங்கே பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பாடகர் ஜாக்சன் பிரவுன் அங்கேயே இவர்களோடு சேர்ந்து வாசித்துவிட்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தன் ஸ்டூடியோவை இலவசமாகத் தருகிறேன் என்றார். அங்கே மூன்றே நாளில் பதிவானதுதான் 1983ல் வந்த 'டெக்சாஸ் ஃப்ளட்' ஆல்பம். இதற்கு நடுவில் போவி தன் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்துக்கு ஸ்டீவியை வாசிக்க வைத்தார். ஆல்பம் உலகம் முழுக்க ஓடியது. அடுத்து போவியின் உலகச் சுற்றுப்பயணம், ஸ்டீவிக்கு அதில் இடம் தயார். கிளம்பும் நேரத்தில் விலகிவிட்டார். சம்பளப் பிரச்சினை ஒரு காரணம், தன் பேண்டுக்கு அந்தப் பயணத்தில் வாய்ப்பு இல்லை என்பது இன்னொன்று. ஒரு சூப்பர் ஸ்டாருக்குப் பக்கவாத்தியமாகப் போவதைவிடத் தன் பக்கவாத்தியக்காரர்களோடு திரும்பிப்போவது மேல் என்று நினைத்திருக்கிறார். அந்த இருவரும் அதை மறந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

1985ல் கீபோர்டுக்கு ரீஸ் வைனன்ஸ் வந்து சேர்ந்தார். 1986ல் ஐரோப்பியப் பயணத்தின் நடுவே, ஜெர்மனியில், குடியும் கொக்கெயினும் ஸ்டீவியைச் சாய்த்தன. லண்டனில் சிகிச்சை, பிறகு அட்லாண்டாவில் மறுவாழ்வு மருத்துவமனை. அதே சமயம் ஷானனும் ஆஸ்டினில் தானாகவே போய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். இருவரும் ஒன்றாக விட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போதை தெளிந்து செய்த ஆல்பம் 1989ன் 'இன் ஸ்டெப்'. அதில் ராக் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு 'கிராஸ்ஃபயர்'. பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஸ்டீவியின் பெயரே கிடையாது. லேட்டன், ஷானன், வைனன்ஸ் மூவரும், கூடவே பில் கார்ட்டர், ரூத் எல்ஸ்வொர்த் தம்பதியும் எழுதியது. பாட்டின் முதுகெலும்பு அந்த பேஸ் வரிதான், கிட்டார் அதன் மேல் ஏறி உட்காருகிறது. இவர்கள் சும்மா தாளம் போட்டவர்கள் என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டைக் காட்டுங்கள்.

1990 ஆகஸ்ட் 26, விஸ்கான்சின் மாநிலத்தில் ஆல்பைன் வேலி திறந்தவெளி அரங்கம். எரிக் கிளாப்டனின் கச்சேரி. கடைசியில் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் க்ரே, அண்ணன் ஜிம்மி வான் எல்லோரும் சேர்ந்து ஸ்டீவியோடு 'ஸ்வீட் ஹோம் சிகாகோ' வாசித்தார்கள். நள்ளிரவு தாண்டி மூடுபனியில் கிளம்பிய ஹெலிகாப்டர்களில் ஒன்று பக்கத்திலிருந்த பனிச்சறுக்கு மலையில் மோதியது. ஸ்டீவி, கிளாப்டனின் குழுவைச் சேர்ந்த மூவர், விமானி, ஐந்து பேரும் இறந்தார்கள். ஸ்டீவிக்கு 35 வயது. பேண்ட் ஆட்கள் அதில் ஏறவில்லை. காலையில் சிகாகோ ஹோட்டலில் ஸ்டீவியின் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் படுக்கை கலையாமல் இருந்தது என்று ஷானன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஷானனுக்கு அப்போது 44, லேட்டனுக்கு 34. இரண்டு பேருக்கும் பத்து வருடமாக ஒரே ஆளின் தோள் அசைவைப் பார்த்து வாசித்துத்தான் பழக்கம். வைனன்ஸ் நாஷ்வில் பக்கம் ஸ்டூடியோ வேலைக்குப் போய்விட்டார், பிற்காலத்தில் ஜோ பொனமாசாவின் பேண்டில் அவரைப் பார்க்கலாம். மற்ற இருவரும் ஆஸ்டினிலேயே இருந்தார்கள்.

அந்த ஊரில் ஆஸ்டின் ரிஹர்சல் காம்ப்ளெக்ஸ் என்று ஓர் இடம். பேண்டுகள் வாடகைக்கு அறை எடுத்துப் பயிற்சி செய்யும் கட்டடம். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆர்க். அங்கே கூடி வாசித்ததிலிருந்து வந்த பெயர்தான் ஆர்க் ஏஞ்சல்ஸ். ஆர்க்கேஞ்சல் என்றால் தலைமைத் தேவதூதர், சொல்லை இரண்டாக உடைத்து விளையாடியிருக்கிறார்கள். போன நண்பனை நினைத்து வைத்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு, வாடகை அறை நினைவுதான் அது.

கூட வந்து சேர்ந்த இருவரும் பையன்கள். டாயில் பிராம்ஹால், இரண்டாமவர். ஏன் இரண்டாமவர் என்றால் அப்பா பெயரும் டாயில் பிராம்ஹால்தான். அப்பா டிரம்ஸ்காரர், பாடகர், பாட்டெழுதுபவர். அறுபதுகளில் ஜிம்மி வானோடு ஒரே பேண்டில் இருந்தவர், 'இன் ஸ்டெப்' ஆல்பத்தின் பல பாட்டுகளை ஸ்டீவியோடு சேர்ந்து எழுதியவர். ஸ்டீவி பாடும் விதமே பெரிய பிராம்ஹாலைப் பார்த்து வந்தது என்பார்கள். ஆக பையன் வளர்ந்ததே வான் வீட்டு வட்டத்தில். பதின்ம வயதிலேயே ஜிம்மி வானின் ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸில் இரண்டாவது கிட்டார் வாசித்தார்.

இவருடைய கையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான வரிசையிலேயே கம்பிகள் கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடிப்பார். அதனால் மெல்லிய கம்பி மேலேயும் தடித்த கம்பி கீழேயும் வந்துவிடும். மற்றவர்கள் மெல்லிய கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்ற விரலால் மேல்நோக்கித் தள்ளுவார்கள், இவர் கீழ்நோக்கி இழுப்பார். தள்ளுவதும் இழுப்பதும் ஒரே சுரத்தில்தான் முடியும், ஆனால் போய்ச் சேரும் வழி வேறு. இழுக்கும்போது கம்பி தயங்கித் தயங்கி ஏறுவது மாதிரி, பேச்சுக்குப் பக்கத்தில் வரும் ஓர் ஓசை. ஓடிஸ் ரஷ்ஷும் இதே மாதிரி தலைகீழாக வாசித்தவர்தான், டபுள் டிரபிளுக்குப் பெயர் தந்த பாட்டுக்காரர். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இன்னொருவர் சார்லி செக்ஸ்டன். சான் அன்டோனியோவில் பிறந்தவர், பதிமூன்று வயதில் டெக்சாஸ் பாடகர் ஜோ ஈலியின் பேண்டில் வாசித்தவர். பதினேழு வயதில், 1985ல், முதல் ஆல்பம். அதிலிருந்து 'பீட்ஸ் ஸோ லோன்லி' என்ற பாட்டு பில்போர்டு பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது. கன்னம் ஒட்டிய அழகான முகம், சிலிர்த்து நிற்கும் முடி. கம்பெனி அவரைப் போஸ்டர் பையனாக விற்கப் பார்த்தது, அவருக்கோ கிட்டார்தான் முக்கியம். 1989ல் இரண்டாவது ஆல்பம் பெரிதாகப் போகவில்லை. ஆர்க்கில் ஓர் அறை அவருக்கும் தேவைப்பட்டது.

ஆக நாலு பேர். இருவர் தலைவனை இழந்தவர்கள், இருவர் தலைவர்களாக வளர வேண்டியவர்கள். அந்தப் பையன்கள் இருவருமே பாடுவார்கள், இருவருமே முன்கிட்டார், இருவரும் பாட்டெழுதுவார்கள்.

ஆல்பத்தைத் தயாரிக்க வந்தவர் லிட்டில் ஸ்டீவன். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் வலதுகையாக இருந்து, எண்பதுகளில் விலகித் தனியாகப் போனவர். அதாவது பக்கவாத்தியக்காரர்களின் பேண்டுக்குப் பக்கவாத்தியக்காரரே தயாரிப்பாளர்! யார் யோசனையோ, சரியான தேர்வு. பேண்டின் பெயரிலேயே 1992ல் ஆல்பம் வந்தது, கெஃபன் வெளியீடு, பன்னிரண்டு பாட்டு. முதல் பாட்டு 'லிவிங் இன் எ ட்ரீம்'.

ஸ்டீவியின் நகலை எதிர்பார்த்துப் போட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். இது ப்ளூஸ் ஆல்பம் இல்லை, ப்ளூஸ் தெரிந்தவர்களின் ராக் ஆல்பம். ஷஃபிள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அடி நேராக விழுகிறது, பாட்டுகள் நீளம், இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன, இரண்டு குரல்கள் மாறிமாறி வருகின்றன. 'சென்ட் பை ஏஞ்சல்ஸ்', 'சீ வாட் டுமாரோ பிரிங்ஸ்' மாதிரி நிதானமான பாட்டுகளில்தான் பேண்டின் உண்மையான முகம் தெரிகிறது என்பது என் கணிப்பு. வேகமான பாட்டுகளில் சில அந்தக் காலத்து வானொலிக்காக மினுக்கப்பட்டவை, அவற்றுக்கு இப்போது வயது தெரிகிறது. ஆனால் கீழே உள்ள அந்த இருவரும் எந்தப் பாட்டிலும் சறுக்கவில்லை. ஸ்டீவியோடு இருந்தபோது நிரப்ப வேண்டிய இடத்தை இங்கே இரண்டாவது கிட்டார் நிரப்பிவிடுவதால் ஷானன் இதில் குறைவாகவே வாசிக்கிறார். குறைத்து வாசிக்கத் தெரிவதும் அனுபவம்தான்.

சரி, ஏன் நின்றது?

பிராம்ஹால் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். இது வதந்தி அல்ல, மீண்டு வந்தபின் அவரே பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியது. பயணத்தில் ஒருவர் அந்த நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு முன்வரிசைக்காரர்களுக்கு நடுவிலும் உரசல் இருந்தது. 1993ல் பிரிந்தார்கள்.

என்னை உறுத்துவது இதிலுள்ள ஒரு கணக்கு. ஆல்பம் வந்தபோது பிராம்ஹாலுக்கும் செக்ஸ்டனுக்கும் வயது 23. வுட்ஸ்டாக் மேடையில் நின்றபோது ஷானனுக்கும் அதே 23. அதற்குப் பின் வந்த பத்து வருடத்தை ஷானன் எப்படித் தொலைத்தார் என்று மேலே பார்த்தோம். ஸ்டீவியும் அவரும் சேர்ந்து கரையேறி ஆறு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பக்கத்தில் நிற்கும் பையன் அதே ஆற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறான். தன் நண்பனின் பாட்டுகளை எழுதியவரின் மகன் வேறு. எல்லாம் தெரிந்தவர்தான் ஷானன், ஆனால் அடுத்தவனை வெளியே இழுத்துப் போட அந்த அறிவு போதாது.

ஹெராயின் இல்லாமல் இருந்திருந்தால் நீடித்திருக்குமா? சில வருடம் இன்னும் ஓடியிருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பக்கவாத்தியக்காரர்கள் சேர்ந்து பேண்ட் கட்டும்போது வரும் சிக்கல் இங்கேயும் இருந்தது. பின்தொடரத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், யாரைப் பின்தொடர்வது என்பது முடிவாகவில்லை. ஸ்டீவி இருந்தபோது அந்தக் கேள்வியே எழவில்லை.

இதே மாதிரி இன்னொரு கதை உண்டு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாப் டிலனின் 1975-76 ரோலிங் தண்டர் பயணத்தில் வாசித்த டி போன் பர்னெட், ஸ்டீவன் சோல்ஸ், டேவிட் மான்ஸ்ஃபீல்டு மூவரும் ஆல்ஃபா பேண்ட் என்று ஆரம்பித்தார்கள். அரிஸ்டா கம்பெனி, 1976லிருந்து 1978க்குள் மூன்று ஆல்பம், அதோடு சரி. பர்னெட் பின்னாளில் பெரிய தயாரிப்பாளராகி கிராமி மேல் கிராமியாக வாங்கினார். தப்பிப் பிழைத்ததற்குப் பெரிய உதாரணம் தி பேண்ட். ரானி ஹாக்கின்ஸுக்கும் பிறகு டிலனுக்கும் பின்னால் வாசித்துவிட்டுத் தனியாக நின்று ஜெயித்தவர்கள். ஆனால் அவர்கள் பல வருடம் ஒன்றாகவே பின்னால் நின்றவர்கள். ஆர்க் ஏஞ்சல்ஸில் நாலு பேரும் மூன்று திசையிலிருந்து வந்தவர்கள்.

கலைந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தலைவர்களாக வளர வேண்டிய அந்த இரண்டு பையன்களும் உலகின் மிகப் பெரிய பக்கவாத்தியக்காரர்கள் ஆனார்கள். செக்ஸ்டன் 1999ல் பாப் டிலன் பேண்டில் சேர்ந்து 2002 வரை வாசித்தார், 2001ன் 'லவ் அண்ட் தெஃப்ட்' ஆல்பத்தில் கேட்பது அவர் கிட்டார், 2009ல் திரும்பவும் போனார். பிராம்ஹால் மீண்டு வந்து 1996ல் தனி ஆல்பம் போட்டார். 1999-2000ல் பிங்க் ஃப்ளாய்டிலிருந்து விலகிய ரோஜர் வாட்டர்ஸோடு பயணம் போய், அந்த பேண்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்'மில் டேவிட் கில்மோர் பாடும் பகுதியைப் பாடினார். 2000ல் எரிக் கிளாப்டனும் பி.பி. கிங்கும் சேர்ந்து செய்த 'ரைடிங் வித் தி கிங்' ஆல்பத்தில் பிராம்ஹாலின் இரண்டு பாட்டுகள் இடம்பெற்றன, பிறகு வருடக்கணக்கில் கிளாப்டனின் பேண்டில் கிட்டார் வாசித்தார். ஸ்டீவி கடைசியாக வாசித்தது கிளாப்டனின் மேடையில் என்பது நினைவிருக்கும்.

லேட்டனும் ஷானனும் அப்போதும் பிரியவில்லை. மால்ஃபர்ட் மில்லிகன் என்ற அருமையான பாடகரோடு ஸ்டோரிவில் என்ற பேண்டில் சேர்ந்து தொண்ணூறுகளில் சில ஆல்பம் செய்தார்கள். ஆர்க் ஏஞ்சல்ஸ் பிடித்தவர்கள் 1996ன் 'எ பீஸ் ஆஃப் யுவர் சோல்' கேட்கலாம், எனக்கு அது ஒரு படி மேல். 2001ல் டபுள் டிரபிள் என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம். லேட்டன் பிறகு கென்னி வேய்ன் ஷெப்பர்டுக்கு டிரம்ஸ் வாசித்தார். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2015ல் ஸ்டீவியைச் சேர்த்தபோது, ஸ்டீவி ரே வான் அண்ட் டபுள் டிரபிள் என்று பேண்டோடு சேர்த்தே எடுத்தார்கள். அந்த அமைப்பு பல தடவை பாடகரை மட்டும் எடுத்துக்கொண்டு கூட வாசித்தவர்களை வாசலிலேயே விட்டிருக்கிறது, இதில் அப்படிச் செய்யவில்லை.

ஆர்க் ஏஞ்சல்ஸ் பிறகு அவ்வப்போது மேடையில் கூடினார்கள். 2009ல் 'லிவிங் இன் எ ட்ரீம்' என்ற பெயரில் கச்சேரிப் பதிவு ஒன்று வந்தது. இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம் இன்றுவரை இல்லை.

கேட்க ஆரம்பிப்பவர்கள் நேரே 1992 ஆல்பத்துக்குப் போகாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதலில் 'பிரைட் அண்ட் ஜாய்', அடுத்து 'கிராஸ்ஃபயர்', அப்புறம் 'சென்ட் பை ஏஞ்சல்ஸ்'. மூன்றிலும் கிட்டாரைக் கண்டுகொள்ளாமல் பேஸை மட்டும் பின்தொடருங்கள். போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் ஷானன் இருப்பதே தெரியாது.